அறுபத்து நான்கில் ஐம்பத்தெட்டு

ஆலங்குளத்திலிருந்து ஓர் இளைஞர் எழுதியிருக்கிறார். (தென்காசி போகிற வழியில் இருக்கும் ஆலங்குளம் இல்லை. சிவகாசிக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே, அரசு சிமெண்ட் ஆலை உள்ள விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். இரண்டு ஊர்க்காரர்களுக்கும் பாதி ஆயுள் இதை விளக்குவதிலேயே போகிறது.) பி.இ. முடித்தவர். இரண்டு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு பக்கத்து ஊர் பட்டாசு மொத்த வியாபாரி ஒருவருக்கு சாஃப்ட்வேர் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஓர் ஏ.ஐ. உதவியாளரிடம், 'பட்டாசுக் கடைக்கு ஆன்லைன் ஆர்டர், ஸ்டாக், பில்லிங் வேண்டும். சின்னச் சின்ன வேலைகளாக உடைத்துக் கொடு' என்று கேட்டிருக்கிறார்கள்.

அரை நிமிஷத்தில் 64 வேலைகள் வந்து விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம், எது முடிந்தபின் எது, முடிந்தது என்பதற்கு என்ன அடையாளம், எல்லாம் சுத்தமாக. அதை அப்படியே ஒரு டாஸ்க் போர்டில் ஏற்றினார்கள். மூன்று மாதம் ராத்திரி பகல் பார்க்காமல் டிக் அடித்தார்கள். 58 முடிந்தது. ஏறக்குறைய 91 சதவிகிதம். போர்டு முழுக்கப் பச்சை. சந்தோஷமாக லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அண்ணாச்சியிடம் போய்க் காட்டினார்கள். அவர் கால் மணி நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது என் கடைக்கு இல்லையே" என்றாராம்.

'64-ல் 58 முடித்த பின்னும் ஒன்றுமே முடியாத மாதிரி இருப்பது எப்படி சார்?' என்று கேட்கிறார். பட்டியலையும் இணைத்திருந்தார்.

இந்தக் கேள்வி ஆலங்குளத்தோடு நிற்பதில்லை. இன்றைக்குச் சென்னை ஓ.எம்.ஆரில் பாதி அலுவலகங்களில் வேலை இப்படித்தான் துவங்குகிறது. ப்ராஜெக்ட்டை ஏ.ஐ.யிடம் கொடு, உடைக்கச் சொல், போர்டில் ஏற்று, டிக் அடி. ஜிரா போன்ற கருவிகளிலேயே பெரிய வேலையைக் குட்டி வேலைகளாக உடைத்துத் தரும் ஏ.ஐ. வசதி வந்துவிட்டது. (ஜிரா, 2002-ல் ஆஸ்திரேலியாவில் பிறந்தது. பெயர், காட்ஸில்லாவின் ஜப்பானியப் பெயரான 'கொஜிரா'வின் வால். தினம் அதில் டாஸ்க் அப்டேட் செய்பவர்கள் பொருத்தமான பெயர் என்பார்கள்.) ஆகவே அந்தப் பட்டியலை ஒரு புத்தகத்துக்கு மதிப்புரை எழுதுகிற சிரத்தையோடு இரண்டு முறை படித்தேன்.

* * *

முதலில் பாராட்டு. நிஜமாகவே நல்ல பட்டியல். கடவுச்சொல் மறந்தால் என்ன செய்வது, தினசரி பேக்கப், ஒரே பில்லை இரண்டு தரம் அழுத்திவிட்டால் என்ன ஆகும் போன்ற சில்லறை விஷயங்கள் எல்லாம் முதல் நாளே இருக்கின்றன. இவற்றை மனிதர்கள் கடைசி வாரத்தில்தான் தலையில் அடித்துக்கொண்டு ஞாபகப்படுத்திக்கொள்வார்கள். எந்த வேலையும் ஒரு நாளுக்கு மேல் இல்லை. 'வேகமாக இருக்க வேண்டும்' போன்ற வழவழா வாக்கியங்கள் இல்லை. 'இரண்டு விநாடிக்குள் திறக்க வேண்டும்' என்றிருக்கிறது.

இம்மாதிரிப் பட்டியல் போட முன்பெல்லாம் பெரிய கம்பெனியில் பத்து வருஷம் குப்பை கொட்டிய ஒரு ப்ராஜெக்ட் மேனேஜர் தேவைப்பட்டார். ஆலங்குளத்தில் மூன்று பையன்களுக்கு அது வீட்டு வாசலில் கிடைக்கிறது என்பது சின்ன விஷயமில்லை. எங்கே தொடங்குவது என்று மலைத்து நின்றவர்களுக்கு முதல் அடி கிடைத்தது. கூட வேலை பார்க்க சீனியர் இல்லாதவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இனி குற்றம்.

வேலை எண் 1-லிருந்து 9 வரை பயனர் கணக்கு. பதிவு செய்தல், ஓ.டி.பி., ப்ரொஃபைல், அதில் போட்டோ, போட்டோவை வட்டமாக வெட்டுதல் (3 மணி நேரம்). அண்ணாச்சியிடம் சரக்கு எடுப்பவர்கள் வெளியூர்க் கடைக்காரர்கள். போனில் கூப்பிடுவார்கள். மிஞ்சிப் போனால் ஒரு தாளில் எழுதி வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புவார்கள். அவர்களில் ஒருவர் கூட வட்டமாக வெட்டிய போட்டோவோடு வரப்போவதில்லை.

எண் 32, கூரியர் கம்பெனியின் ஏபிஐ-யோடு இணைப்பது. பட்டாசைத் தபாலில் அனுப்ப முடியாது, ரயிலில் ஏற்ற முடியாது, கூரியர்காரர் தொடமாட்டார். லாரி ஆபீஸில் புக் செய்து, போகிற ஊரில் இறக்கி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். இது சிவகாசிப் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். பட்டியலுக்குத் தெரியவில்லை.

எண் 57, 'சட்ட இணக்கம் சரிபார்க்கவும் - 4 மணி நேரம்.' இதைப் படித்ததும் ஒரு கணம் நிறுத்திவிட்டேன். 2018 அக்டோபர் 23-ம் தேதி சுப்ரீம் கோர்ட் கொடுத்த தீர்ப்பில், இணைய வணிகத் தளங்கள் பட்டாசுக்கு ஆன்லைன் ஆர்டர் வாங்கக் கூடாது என்று இருக்கிறது. ஆகவே 'ஆர்டர்' என்று ஒரு பொத்தான் வைக்கலாமா, கூடாதா என்பதுதான் இந்த ப்ராஜெக்ட்டின் முதல் கேள்வி. பதிலைப் பொறுத்து மற்ற 63-ல் பாதி தேவைப்படலாம், தேவைப்படாமலும் போகலாம். அது 57-வது இடத்தில் நாலு மணி நேர வேலையாக, போட்டோவை வட்டமாக வெட்டுவதைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்திருக்கிறது. முடியாமல் இருக்கும் ஆறில் அதுவும் ஒன்று என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது எண் 22. 'இருப்பு குறைந்தால் எச்சரிக்கை.' டிக் அடித்தாயிற்று. சோப்பு, பிஸ்கட், சட்டை, செல்போன் எதை விற்றாலும் கடைக்காரருக்குக் கவலை சரக்கு தீர்ந்துபோவதுதான். பட்டாசு குடோனுக்குக் கவலை தலைகீழ். லைசென்ஸில் இத்தனை கிலோ வரை வைக்கலாம் என்று எழுதியிருக்கும். அதைத் தாண்டினால்தான் ஆபத்து, வழக்கு, சீல். அங்கே மணி அடிக்க வேண்டியது சரக்கு கூடும்போது. அண்ணாச்சி கேட்ட முதல் கேள்வியே, "இதுல குடோன்ல எத்தனை கிலோ கிடக்குன்னு எங்க பாக்க?" பையன்களின் சாஃப்ட்வேர் பெட்டிக் கணக்கில் எண்ணுகிறது. கிலோவே இல்லை.

* * *

இது ஏன் இப்படி? இந்த இயந்திரங்கள் மனிதர்கள் எழுதிக் குவித்த கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, எதற்குப் பின் எது வருவது வழக்கம் என்று கற்றவை. ஆன்லைன் கடை என்றால் உலகத்தில் ஆயிரக்கணக்கான திட்டப் பட்டியல்கள் உண்டு. அவற்றின் சாரத்தை அழகாகத் தந்துவிடும். அதில் ஒரு வரிகூடத் தப்பில்லை. ஒவ்வொன்றும் வேறு யாருடைய கடைக்கோ சரி. அண்ணாச்சி கடை மற்ற கடைகளிலிருந்து எங்கே வேறுபடுகிறதோ அங்கேதான் இந்த ப்ராஜெக்ட்டே இருக்கிறது. அந்த இடங்களில் பட்டியல் மௌனம்.

முழுப் பழியையும் இயந்திரத்தின் மேல் போடவும் முடியாது. அதற்குக் கிடைத்தது இரண்டு வரி. ஆனால் அதே இரண்டு வரியை அனுபவமுள்ள ஒரு மனிதரிடம் சொல்லியிருந்தால், பேனாவை எடுக்குமுன் 'பட்டாசா? லைசென்ஸ் எது, டி.ஆர்.ஓ.வா நாக்பூரா? குடோன் எங்கே?' என்று நாலு கேள்வி கேட்டிருப்பார். ஏ.ஐ., 'முதலில் என்னைக் கேள்வி கேள்' என்று நாம் சொன்னால் நன்றாகவே கேட்கும். சொல்லாவிட்டால் பெரும்பாலும் பதிலுக்குப் பாய்ந்துவிடும். பதில் நீளமாகவும் ஒழுங்காகவும் இருப்பதால் நாமும் கேள்விகளை மறந்துவிடுகிறோம்.

* * *

வேலையை உடைப்பது புதுசில்லை. 1776-ல் ஆடம் ஸ்மித் குண்டூசித் தொழிற்சாலையைப் பற்றி எழுதினார். கம்பியை இழுப்பது, நேராக்குவது, வெட்டுவது, கூராக்குவது என்று 18 வேலைகளாகப் பிரித்தால் பத்து பேர் சேர்ந்து ஒரு நாளைக்கு 48,000 ஊசி செய்யலாம். தனியாகச் செய்தால் ஆளுக்கு இருபதே கஷ்டம் என்றார்.

விருதுநகர் மாவட்டத்துக்கு ஸ்மித் தேவையில்லை. 1920-களின் ஆரம்பத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்ததிலிருந்து அங்கே தெருத்தெருவாக வேலை உடைந்துதான் நடந்திருக்கிறது. குச்சி அடுக்குவது ஒரு வேலை, மருந்து முக்குவது ஒரு வேலை, பெட்டி ஒட்டுவது ஒரு வேலை, லேபிள் ஒட்டுவது ஒரு வேலை. ஒட்டுகிற வேலை வீட்டுத் திண்ணைக்கே வந்துவிடும். கூலி குரோஸ் கணக்கு. ஒரு குரோஸ் 144 பெட்டி. எண்ண முடியும், கண்காணிக்க முடியும், சாயங்காலம் காசு கொடுக்க முடியும். இன்றைய டாஸ்க் போர்டுக்கு வேண்டிய எல்லா லட்சணமும் அதில் உண்டு.

ஆனால் ஒரு வித்தியாசம். தீப்பெட்டி எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். உடைக்கு முன்பே முழுசு கண்ணில் இருக்கிறது. 144-வது பெட்டியும் முதல் பெட்டி மாதிரியேதான். சாஃப்ட்வேரில் ஒரே பெட்டியை இரண்டு தடவை செய்யமாட்டோம். செய்தால் காப்பி அடித்துவிடலாமே! எப்போதும் முதல் பெட்டிதான். அது எப்படி இருக்க வேண்டும் என்பது செய்து முடிக்கும் வரை பாதிதான் தெரியும். முழுசாகத் தெரியாத ஒன்றைத் துண்டு போடுகிறவர், துண்டு போடும்போதே அது என்ன என்றும் தீர்மானிக்கிறார். அதனால் சாஃப்ட்வேரில் பட்டியல் போடுவது குமாஸ்தா வேலை இல்லை. ப்ராஜெக்ட்டின் மிக முக்கியமான முடிவுகள் அங்கேதான், பெரும்பாலும் சத்தமில்லாமல், எடுக்கப்படுகின்றன.

எங்கே வெட்டுவது? 1972-ல் டேவிட் பார்னஸ் இதைப் பற்றி ஒரு சிறிய கட்டுரை எழுதினார். கம்ப்யூட்டர் படித்தவர்கள் பரீட்சைக்காகவாவது பேர் கேட்டிருப்பார்கள். தலைப்பு வரிகளின் வார்த்தைகளைச் சுழற்றி அகர வரிசையில் அடுக்கும் ஒரு குட்டி ப்ரோக்ராமை எடுத்துக்கொண்டார். எல்லோரும் செய்வதுபோல வரிசைக்கிரமத்தில் வெட்டலாம்: படி, சுழற்று, அடுக்கு, அச்சிடு. இப்படி வெட்டினால், தகவலைச் சேமிக்கும் முறையை நாளைக்கு மாற்றும்போது நாலு துண்டையும் திறக்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பதில், எந்த முடிவு கஷ்டமானதோ, எது பின்னால் மாறக்கூடியதோ, அதை ஒரு துண்டுக்குள் பூட்டி வை என்றார். அது மாறினால் அந்தத் துண்டோடு போகும்.

ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆலங்குளத்துப் பட்டியல் இன்னமும் திரை, டேட்டாபேஸ், ஏபிஐ, சோதனை என்று வரிசைக்கிரமத்தில்தான் வெட்டியிருக்கிறது. அண்ணாச்சி கடையில் மாறக்கூடியவை மூன்று. ஒவ்வொரு சீசனுக்கும் மாறும் விலைப்பட்டியல், லைசென்ஸில் அனுமதித்த கிலோ, கோர்ட் உத்தரவு. இந்த மூன்றும் மூன்று தனித் துண்டாக இருந்திருக்க வேண்டும். பட்டியலில் விலை மட்டும் ஏழு வேலைகளில் சிதறிக் கிடக்கிறது. அடுத்த தீபாவளிக்கு விலை மாறும்போது ஏழையும் யாராவது ஞாபகம் வைத்திருக்க வேண்டும்.

* * *

பார்னஸ் சொன்னதற்குச் சமமான ஒன்றைப் பட்டாசு ஆலைகள் வேறு காரணத்துக்காகச் செய்துகொண்டிருக்கின்றன. சிவகாசிப் பக்கம் பஸ்ஸில் போனால் பொட்டல் காட்டில் தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன அறைகள் தெரியும். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது என்பது விதி. கதவுகள் வெளிப்பக்கம் திறக்கும். மருந்து கலக்கும் அறை தனி, செலுத்தும் அறை தனி, திரி வைப்பது தனி. அறைக்கும் அறைக்கும் இடைவெளி.

இந்த ஏற்பாடு வேலையை வேகமாக்குவதற்கு இல்லை. உண்மையில் இது வேலையைத் தாமதப்படுத்துகிறது. அத்தனையும் ஒரே கொட்டகையில் நடந்தால் சீக்கிரம் முடியும். ஓர் அறையில் தீப்பிடித்தால் அது அந்த அறையோடு போகட்டும் என்பதற்காகப் பிரித்திருக்கிறார்கள். ஸ்மித் வேகத்துக்காக வெட்டினார். இங்கே ஆபத்துக்காக வெட்டியிருக்கிறது. எதை எதிலிருந்து பிரிப்பது என்ற விதியின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் உடம்பு கருகிய அனுபவம் இருக்கும்.

அந்த ஏற்பாடு எப்போது தோற்கிறது? விபத்துக்குப் பிறகு வரும் செய்திகளைத் தொடர்ந்து படித்தால் அதே காரணங்கள் திரும்பத் திரும்ப வரும். அனுமதித்ததைவிட அதிக ஆள். அனுமதித்ததைவிட அதிக மருந்து. சீசன் நெருக்கடி. எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் அவசரம். 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் நாற்பது பேர் வரை இறந்தார்கள். விபத்துக்கு முன்பே அந்த ஆலையின் லைசென்ஸ் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது என்று அப்போது செய்தி வந்தது. காகிதத்தில் ஆலை நின்றிருந்தது. தரையில் ஓடிக்கொண்டிருந்தது.

சாஃப்ட்வேரில் யாரும் கருகுவதில்லை, இத்தனை பெரிய உவமை எதற்கு என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் இந்தக் குறிப்பிட்ட சாஃப்ட்வேர் ஒரு பட்டாசு குடோனில் எத்தனை கிலோ இருக்கிறது என்று சொல்ல வேண்டியது. 'பச்சை' என்று காட்டும் திரையை நம்பி இன்னொரு லாரி இறக்கப்படலாம். ஆஸ்பத்திரிக்கும் அணைக்கட்டுக்கும் எழுதப்படும் சாஃப்ட்வேரும் இதே மாதிரிப் பட்டியல்களிலிருந்துதான் வருகிறது.

* * *

பச்சை நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1958-ல் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைக்காக 'பெர்ட்' என்ற முறையைக் கொண்டுவந்தது. ஆயிரக்கணக்கான குட்டி வேலைகள், எது எதற்கு முன், எது தாமதம் என்று சுவரளவு வரைபடம், கம்ப்யூட்டர் அறிக்கைகள். போலாரிஸ் நேரத்துக்கு முடிந்தது. உலகமே பெர்ட்டைக் கும்பிட்டது. நம் ஊர் எம்.பி.ஏ. பாடப் புத்தகம் வரை வந்துவிட்டது. 1972-ல் ஹார்வி சபோல்ஸ்கி என்பவர் ஆராய்ந்து ஒரு புத்தகம் எழுதினார். அந்த வரைபடங்கள் ஏவுகணை செய்ய உதவியதைவிட, வாஷிங்டனிலிருந்து கேள்வி கேட்க வந்தவர்களை அசரவைத்து, வேலை செய்கிறவர்களை நிம்மதியாக விடத்தான் அதிகம் உதவின என்பது அவர் முடிவு.

டாஸ்க் போர்டுக்கு இந்த இரண்டாம் உபயோகம் எப்போதும் உண்டு. மேலே இருப்பவருக்கு நிம்மதி. அதோடு நமக்கே நிம்மதி தருவதுதான் ஆபத்து. டிக் அடிக்கும்போது கிடைக்கும் சின்ன சந்தோஷம் வேலை நகர்வதைப் போலவே இருக்கும். 2025-ல் 'மீட்டர்' என்ற ஆய்வு அமைப்பு அனுபவமுள்ள 16 ப்ரோக்ராமர்களுக்கு, அவர்களுக்கு நன்றாகப் பழக்கமான ப்ராஜெக்ட்களில் 246 வேலைகள் கொடுத்து, சிலவற்றை ஏ.ஐ.யோடும் சிலவற்றை ஏ.ஐ. இல்லாமலும் செய்யச் சொன்னது. முடித்த பின் கேட்டபோது, ஏ.ஐ.யால் 20 சதவிகிதம் வேகமாகச் செய்தோம் என்றார்கள். கடிகாரம் 19 சதவிகிதம் மெதுவாகச் செய்ததாகச் சொன்னது. கருவிகள் வேகமாக மாறுகின்றன; இதை எல்லோருக்கும் பொதுவாக்கக் கூடாது என்று அந்த அமைப்பே எச்சரித்திருக்கிறது. ஏ.ஐ. நல்லதா கெட்டதா என்பதற்கு இது சாட்சி இல்லை. நம் உள்ளுணர்வு எத்தனை மோசமான கடிகாரம் என்பதற்கு சாட்சி. நகர்கிறோம் என்ற உணர்ச்சியும் நகர்வதும் வேறு வேறு.

நம் பையன்களிடமே பாருங்கள். 64-ல் முதலில் எவற்றை முடித்தார்கள்? சுலபமானவற்றை. மனித இயல்பு. எண்ணிக்கை ஏறும், போர்டு பசேல் என்றாகும். மிச்சம் நின்ற ஆறும் அண்ணாச்சியிடமோ வக்கீலிடமோ லாரி ஆபீஸிலோ நேரில் போய்ப் பேசினால்தான் முடியக்கூடியவை. மூன்று மாதத்தில் ஒருவரும் குடோனுக்குள் போய்ப் பார்க்கவில்லை. அதற்கு ஒரு டாஸ்க் இல்லை.

* * *

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி. '58-ல் ஒரு முப்பதை ஏ.ஐ.யே எழுதிக் கொடுத்துவிட்டது சார், நாங்கள் ஓட்டிப் பார்த்து டிக் அடித்தோம்.'

தப்பில்லை. எல்லோரும் செய்வதுதான். உடைத்ததும் அதுவே, எழுதியதும் அதுவே, 'முடிந்தது' என்பதற்கு அடையாளம் சொன்னதும் அதுவே. எண் 22-ஐ எழுதிவிட்டு, இருப்பு பத்துக்குக் கீழே போனால் எச்சரிக்கை வருகிறதா என்று சோதித்தது, வந்தது, டிக். மூன்று இடத்திலும் ஒரே தப்பு என்பதால் அந்தத் தப்பு எங்கேயும் இடறவில்லை.

சிவகாசி வட்டாரத்தில் இதற்குச் சமமான ஒரு வார்த்தை உண்டு: உள்குத்தகை. லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகளைப் பலருக்குப் பிரித்து விட்டிருப்பார். யார் எந்த அறையில் எத்தனை மருந்து வைத்திருக்கிறார் என்று பெயர் போட்டிருப்பவருக்கே தெரியாது. 2021 பிப்ரவரி 12-ம் தேதி சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது இந்த உள்குத்தகைதான் பெரிதாகப் பேசப்பட்டது. வேலையை அடுத்தவரிடம் கொடுக்கலாம். பொறுப்பைக் கொடுக்க முடியாது. கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளத்தான் முடியும். ஆலையில் போர்மேன் என்று ஒருவர் சான்றிதழோடு இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வது அதனால்தான். டிக் அடிக்கிறவர்தான் உங்கள் ப்ராஜெக்ட்டின் போர்மேன். ஏ.ஐ.க்கு அந்தச் சான்றிதழ் இல்லை. அதன்மேல் வழக்குப் போட முடியாது, அது வருத்தப்படவும் செய்யாது.

* * *

ஆகவே ஏ.ஐ.யிடம் பட்டியலே கேட்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். மூன்று பேர் இருக்கிற இடத்தில் அது நாலாவது ஆள், நல்ல உழைப்பாளி. கேட்கிற வரிசையை மாற்றுங்கள்.

முதல் நாள் லேப்டாப்பைத் திறக்காமல் குடோனுக்குப் போங்கள். அண்ணாச்சி எந்த நோட்டில் எழுதுகிறார், எதைப் பார்த்தால் அவர் முகம் மாறுகிறது என்று கவனியுங்கள். அந்த நோட்டின் ஒரு பக்கம் ஏ.ஐ. தருகிற பத்துப் பக்கத்தைவிட அதிகம் சொல்லும். திரும்பி வந்து பார்த்ததை எல்லாம் ஏ.ஐ.யிடம் கொட்டுங்கள். உடனே பட்டியல் கேட்காமல், 'நீ பட்டியல் போடுமுன் எனக்கு இருபது கேள்வி கேள்' என்று சொல்லுங்கள். பதில் தெரியாத கேள்விகள்தான் உங்களுடைய முதல் வேலைகள்.

பட்டியல் வந்ததும் மூவரும் உட்கார்ந்து, எந்த வேலை தப்பாகப் போனால் மற்றதெல்லாம் வீண் என்று கேட்டு, அதை மேலே ஏற்றுங்கள். மணி நேரத்தைப் பார்க்காதீர்கள். ஆன்லைன் ஆர்டர் விஷயம் அப்போது 57-லிருந்து 1-க்கு வந்துவிடும். போட்டோ வட்டம் தானாகவே அடிக்குப் போய், அப்புறம் காணாமல் போகும். மாறக்கூடியவற்றை, வெடிக்கக்கூடியவற்றை, தனித்தனி அறையில் பூட்டுங்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் முடிந்ததன் அடையாளத்தை மட்டும் நீங்களே, உங்கள் கையால், அண்ணாச்சி பேசுகிற மொழியில் எழுதுங்கள். 'இருப்பு எச்சரிக்கை வேலை செய்கிறது' என்றால் ஏ.ஐ. திருப்தியடையும். 'லைசென்ஸ் அளவுக்கு 50 கிலோ குறைவாக இருக்கும்போதே அண்ணாச்சி போனுக்குச் செய்தி போகிறது; அவர் பார்த்துவிட்டுச் சரி என்றார்' என்று எழுதினால் ஒருவரும் சும்மா டிக் அடிக்க முடியாது. ஏ.ஐ. எழுதிய துண்டை மூவரில் ஒருவர் வரிவரியாகப் படித்துத் தன் பெயர் போட்ட பிறகே பச்சையாக்குங்கள். மூன்று மாதம் கழித்துக் காட்டாமல், மூன்றாம் நாளே அண்ணாச்சியிடம் அரைகுறையாகக் காட்டுங்கள். திட்டு அப்போது வாங்கினால் மலிவு.

58 வேலை வீணா என்று அடுத்து கேட்பீர்கள். எண்ணிப் பார்த்தேன். பில்லிங், பேக்கப், வாடிக்கையாளர் விவரம் என்று ஒரு முப்பது தேறும். புதிதாகச் சேர வேண்டியவை பன்னிரண்டு, பதினாலு இருக்கலாம். அந்தப் பட்டியலை நான் போட்டுத் தரப்போவதில்லை. நான் குடோனைப் பார்த்ததில்லை.